கதவுக்கு இரண்டு நாக்கு

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். டேனியலுக்கு இருந்த வாய்க்கு அவன் வங்காளத்தையும் தாண்டி பர்மா வரைக்கும் போய்த் திரும்பியிருக்க வேண்டும். பாவம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில், ‘ஆதி துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டிய ஒற்றை அறையோடு அவன் பயணம் நின்றுவிட்டது. அங்கே ஆதிலட்சுமி துப்பறிவாள். இவன் பைக் ஓட்டுவான், டீ வாங்கி வருவான், மிச்ச நேரமெல்லாம் பேசுவான்.

அன்று காலையிலும் அந்த வாய் சும்மா இல்லை. மானாம்பதி ரோட்டில் தொழிற்சாலை கேட் கண்ணில் படுகிற வரைக்கும் பின்சீட்டில் இருந்த ஆதிலட்சுமி அதைச் சகித்துக்கொண்டு வந்தாள்.

“மேடம், ரோபோவ விசாரிக்கப் போறமே, அதுக்குத் தமிழ் தெரியுமா? இல்ல நான் ஜப்பான் பாஷ கத்துக்கினு வரணுமா?”

“நீ கொஞ்சம் வாய மூடிகினு இருந்தா அதுவே உண்மையச் சொல்லிடும்டா.”

டேனியல் சிரித்தான். கேட்டுக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

சரசு. கையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற டிபன் கேரியர். அவள் தம்பி மாசி, ஏரிக்கரையை ஒட்டின குடியிருப்பிலிருந்து இந்தக் கம்பெனிக்குள் மெஷின் ஓட்டப் போன முதல் பிள்ளை. கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் பண்ணுகிற ரோபோ ஒன்று அவன் வலது கையை நசுக்கிப் போட்டுவிட்டது. கையை எடுத்துவிட்டார்கள். கை போனது போதாதென்று இப்போது பேரையும் எடுக்கப் பார்த்தது கம்பெனி. பாதுகாப்புக் கதவை ஏமாற்றிவிட்டு உள்ளே போனவன் மாசியேதானாம். நாளைக்கு விசாரணை. அங்கே அப்படியே முடிவாகிவிட்டால் வேலை போகும், மெஷினில் கைவைத்தான் என்று போலீசிலும் புகார் போகும். அதற்குள் உண்மையைத் தேடித் தரச் சொல்லித்தான் சரசு ஆதிலட்சுமியிடம் வந்திருந்தாள்.

“மாசி இன்னா சொல்றான்?” என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

“சொன்னதையேதாம்மா சொல்லிகினு கீறான். ‘சாமான் சிக்கிகிச்சு, கதவத் தொறந்தேன், ரோபோ நின்னுகினு இருந்திச்சு, நின்னுடுச்சேன்னு கைய வுட்டேன்’ன்றான். கதவ ஏமாத்துறதுன்னா இன்னான்னே அவனுக்குத் தெரியாதாம். ‘தினேசு அண்ணனக் கேளுங்க, நான் எப்பிடியாப்பட்டவன்னு அவரு சொல்லுவாரு’ன்றான்.” சரசு டேனியலைத் திரும்பிப் பார்த்தாள். “உன் பேச்ச நம்பித்தான் தம்பி அவன அனுப்பிச்சேன். ‘என் சிநேகிதன் உள்ள கீறான், கண்ணு மாதிரி பாத்துப்பான்’னு நீதான சொன்ன?”

வாய்க்காரன் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டு நின்றான்.

நல்லவேளை, அந்தச் சிநேகிதனே கேட்டுக்கு வந்துவிட்டான். தினேஷ்குமார். ரோபோ லைனில் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். டேனியலும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ், ஒரே அடி. விபத்து நடந்த அன்று ஓடிப்போய் மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அமுக்கி மாசியை வெளியே இழுத்துப் போட்டவன் தினேஷ்குமார்தான். ரத்தத்தில் நனைந்த சட்டையோடு ஆம்புலன்சிலும் ஏறிப் போனான். ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. டேனியலுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“வா மச்சி, நாஷ்டா ஆச்சா? வணக்கம் மேடம். பாஸ் வாங்கி வச்சிகீறேன், வாங்க.”

அவன் கையில் இரும்பு டூல்பாக்ஸ். அதன் மூடியில் காய்ந்து வெடித்த சந்தனமும் மங்கின குங்குமமும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரிய பொட்டு ஒன்று, அதற்கு நேர் கீழே கடுகளவு குங்குமத்தில் இன்னொன்று.

“பொங்கலே முடிஞ்சிபோச்சு, ஆயுத பூசை பொட்டு இன்னும் போவலியாடா?” என்றான் டேனியல். “மேடம், இவன் கத தெரியுமா? பெரிய பொட்டு சாமிக்காம். கீழ கீற குட்டிப் பொட்டு இவனுக்காம். எது இவன் சாமான்னு சாமிக்கு அடையாளம் தெரியணும்ல? நான் சர்ச்சுக்குப் போறவன், என் கிரிக்கெட் பேட்டுக்கே இந்த ரெண்டு பொட்டையும் வச்சி, அப்பறம் அது என் பேட்டுதான்னு கூசாம வாங்கிகினு போய்ட்டான் பேமானி.”

தினேஷ்குமார் வெட்கத்தோடு சிரித்தான். ஆதிலட்சுமியும் சிரித்துவைத்தாள்.

*

ஆள் உயரத்துக்கு மேல் மஞ்சள் கம்பி வேலி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் கை, தோள் முழங்கை மணிக்கட்டு எல்லாம் வைத்து, மனிதக் கை மாதிரியே மடங்கி நின்றது. விபத்துக்குப் பிறகு இதை மட்டும் ஓட்டவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் இதன் அண்ணன் தம்பிகள் பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தன.

“இதுக்குக் கண்ணு கெடையாது மச்சி,” என்றான் தினேஷ்குமார். “எதுர நிக்கிறது இரும்பா, மனுசனான்னு அதுக்குத் தெரியாது. சொல்லிக் குடுத்த எடத்துக்குச் சொல்லிக் குடுத்த வேகத்துல வரும். குறுக்க எவன் இருந்தாலும் வரும். அதனாலதான் வேலி, கதவு, இந்த நாக்கு, எல்லாம்.”

கதவின் ஓரத்தில் தட்டையாக நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் துண்டைத் தொட்டுக் காட்டினான். அதைத்தான் எல்லோரும் நாக்கு என்கிறார்கள். கதவை மூடினால் நாக்கு வேலியில் இருக்கும் பெட்டியின் பொந்துக்குள் போகும். போனால்தான் ரோபோ ஓடும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வரும், அடுத்த நொடி மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும்.

“அன்னைக்கு இந்த நாக்கோட திருகாணியத் தளர்த்தி ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, பொந்துல வேற ஒரு டூப்ளிகேட் நாக்க சொருகி வச்சிகீறாங்க. கதவு தொறந்து கெடந்தாலும் மூடிதான் கீதுன்னு மிஷின் நெனைச்சிக்கும்.”

“ஒரு கதவுக்கு ரெண்டு நாக்கா?” என்றான் டேனியல். “நம்ம வார்டு மெம்பருக்கு ஒறவா இருக்கும் போல.”

“சரி, கதவு ஏமாந்திச்சு,” என்றாள் ஆதிலட்சுமி. “மாசி எப்பிடி ஏமாந்தான்? ரோபோ நின்னுகினு இருந்திச்சுன்றானே?”

“அங்கதான் மேடம் புதுசா வர்றவன் மாட்டிக்கிறான். அடுத்த சாமானுக்காகக் காத்துகினு அது அப்பப்ப அசையாம நிக்கும். இவன் சிக்கினத இழுக்கிறப்போ, சாமான் வந்துடுச்சுன்னு நெனைச்சிகினு வேலைக்கு எறங்கிடுச்சு. நின்னுகினு கீறது வேற, நிறுத்தி வச்சிகீறது வேற. மொத நாளே மாசிக்கு நான் சொல்லிக் குடுத்த பாடம் இது.”

பெரிய ரிப்பேர் என்றால் கதவு மட்டும் போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அவன் வெளியே வந்து திறக்கும்வரை எவனாலும் மெஷினை ஓட்ட முடியாது. அதற்கென்றே வேலியில் ஒரு பெட்டி நிறைய சிவப்புப் பூட்டுகள் தொங்கின.

“எங்க ஆபீஸ் பிஸ்கட் டப்பாவுக்கு மேடம் இதத்தான் பண்றாங்க,” என்றான் டேனியல்.

“சிக்கின சாமான எடுக்கிற சின்ன வேலைக்கு எவனும் பூட்டு போட மாட்டான் மேடம். கதவத் தொறந்தா நின்னுடும்ன்ற நம்பிக்கதான். அந்தப் பையனும் நம்பிட்டான்.” தினேஷ்குமாரின் குரல் கம்மியது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு டேனியலின் காதருகே வந்தான். “மச்சி, நான் சொன்னேன்னு சொல்லாத. லைன் நின்னாலே மேனேஜர் ராஜாராம் சார் கத்திப் பேஜார் பண்ணுவாரு. அந்த டூப்ளிகேட் அவரு ஏற்பாடாத்தான் இருக்கும். இப்ப பாரு, பழிய ஏழ மேல தள்ளிகினு கீறாரு.”

டேனியலுக்கு ரத்தம் கொதித்தது. ராஜாராமைப் பார்க்காமலேயே அவரைத் தூக்கிலிடத் தயாராகிவிட்டான்.

*

பார்த்த பிறகு இன்னும் தயாரானான். ராஜாராம் அறையில் ஏ.சி. நடுங்க வைத்தது. சுவரில் பளபளவென்று ஒரு கேடயம்: வருடம் முழுக்கக் குறைவாக நின்ற லைனுக்கான முதல் பரிசு. மாசி வேலை செய்த அதே லைன்.

“இதோ பாருங்கம்மா,” என்றார் ராஜாராம், உட்காரக்கூடச் சொல்லாமல். “மெஷின் மேலயும் தப்பு இல்ல, கம்பெனி மேலயும் தப்பு இல்ல. அந்தப் பையன்தான் இதைச் சொருகினான். கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. பேரை நாளைக்கு விசாரணையில சொல்றேன்.”

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை எறிந்தார். உள்ளே அந்த டூப்ளிகேட் நாக்கு.

“சார், கண்ணால பாத்த சாட்சிக்குக் கண்ணாடி பவரு எவ்ளோ...” என்று டேனியல் ஆரம்பித்தான்.

ஆதிலட்சுமி கவரைத் திருப்பினாள். நாக்கின் பின்பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. கிரீஸ் படிந்த இரும்பில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அதற்கு நேர் கீழே, கடுகளவு, இன்னொன்று.

டேனியலின் வாக்கியம் பாதியில் அறுந்தது. முதலில் ஒன்றும் புரியாத மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. கிரிக்கெட் பேட், சைக்கிள் மட்கார்டு, பரீட்சை அட்டை, டூல்பாக்ஸ் என்று அந்தக் குட்டிப் பொட்டை அவன் எங்கெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறான்! சற்று முன் காதருகே கம்மிய அந்தக் குரல் இன்னும் காதில் சூடாக இருந்தது. வேறு யாராவது இதே மாதிரி வைத்திருக்கலாமே என்று மனசு ஒரு பொந்து தேடியது. கிடைக்கவில்லை.

ஆதிலட்சுமி அவனைப் பார்க்காமல் ராஜாராமிடம் கேட்டாள். “மாசி எப்ப சார் வேலைக்குச் சேந்தான்?”

“தீபாவளி கழிச்சு.”

“ஆயுத பூசை தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுதே சார்? இதுக்குப் பொட்டு வச்சப்போ மாசி இந்த கேட்டத் தாண்டினதே இல்ல.”

ராஜாராம் கவரை இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் மேனேஜர் அல்லவா, விட்டுக்கொடுப்பாரா? “எங்கயாவது மூலையில கிடந்திருக்கும். இவன் எடுத்திருப்பான்.”

“மூலையில கெடக்குற சாமானுக்கு எவனும் சந்தனம் கொழைக்க மாட்டான் சார். தெனம் கையில எடுக்குற, சோறு போடுற சாமானுக்குத்தான் பொட்டு. அந்த கேடயத்த வாங்கிக் குடுத்ததே இந்த நாக்குதான்னு நெனைக்கிறேன். லைன் எப்பிடிடா நிக்காமயே ஓடுதுன்னு நீங்க யாரையும் கேக்கல இல்ல?”

ராஜாராம் கவரை மேஜை மேல் வைத்தார்.

“இது யார் சாமான்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சிடும்,” என்றாள் ஆதிலட்சுமி. “இன்னாடா டேனியலு, உன் நாக்கு எங்க போச்சு?”

“இங்கதான் மேடம் கீது.”

சொன்னால் தினேஷ் போய்விடுவான். சொல்லாவிட்டால் மாசி போய்விடுவான். கேட்டில் சரசு நின்றுகொண்டிருக்கிறாள். அவளிடம் வாக்குக் கொடுத்தது ஆதிலட்சுமி இல்லை, இவன்தான்.

“மேடம்,” என்றான் கடைசியில். “இன்னொரு தபா அந்தக் கூண்டாண்ட போவலாம். சாரும் வரட்டும்.”

*

“ஓட்டிக் காட்டணுமா? தாராளமா மச்சி!”

தினேஷ்குமார் சாவியைத் திருப்பி, வேலை பழக்கும்போது வைக்கிற மெதுவான வேகத்துக்கு மெஷினை மாற்றினான். கேபிளோடு தொங்கிய கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் மட்டும் வேலிக்குள் போனான். மற்ற மூவரும் கம்பிக்கு வெளியே.

“கதவு தொறந்திருக்கச் சொல்ல இந்தப் பெட்டிதான் நம்மளக் காப்பாத்துற சாமி,” என்று உள்ளிருந்தே விளக்கினான். “பின்னாடி ஒரு சுவிட்சு கீது பாரு. அத்தப் பதமாப் புடிச்சிகினு இருந்தாதான் ரோபோ நவுரும். கைய வுட்டாலும் நின்னுடும். பயத்துல இறுக்கிப் புடிச்சாலும் நின்னுடும். பயந்தவன் ஒண்ணு கைய வுடுவான், இல்ல இறுக்குவான், ரெண்டுல ஒண்ணுதான்னு கண்டுபுடிச்சி வச்சிகீறான் பாரு!”

ஆரஞ்சுக் கை மெல்ல நிமிர்ந்தது. நத்தை வேகத்தில் அவன் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. தினேஷ்குமாரின் முகத்தில் தொழில் தெரிந்தவனின் திருப்தி.

“மச்சி,” என்றான் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“சொல்லு மச்சி.”

“அந்த டூப்ளிகேட் நாக்குல ரெண்டு பொட்டு கீது. மேல கீறது சாமிக்கு. கீழ கீறது யாருக்குடா?”

டக்கென்று ஒரு சத்தம். ரோபோ அந்தரத்தில் அப்படியே நின்றது.

“இன்னா பொட்டு? எனக்கு இன்னா தெரியும்?” என்று தினேஷ்குமார் சிரித்தான். சிரிப்பு நன்றாகத்தான் வந்தது. வாய் பொய் சொல்லப் பழகியிருந்தது. கை பழகவில்லை.

“மிஷின் நின்னுடுச்சுடா.”

தினேஷ்குமார் குனிந்து தன் கையைப் பார்த்தான். பெட்டியைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. சட்டென்று சுவிட்சை விட்டான். ரோபோ அப்போதும் நகரவில்லை.

ராஜாராம் வேலியை ஓங்கி அறைந்தார். “டேய்! மாசி சொருகினதைக் கண்ணால பார்த்தேன்னு என்கிட்ட வந்து அழுதவன் நீதானடா?”

இதை டேனியல் எதிர்பார்க்கவில்லை. பொட்டு வரைக்கும்தான் அவன் மனசைத் தேற்றி வைத்திருந்தான். அதற்குக் கீழே இன்னொரு பள்ளம் இருக்கும் என்று யார் கண்டது? ஆளைக் காப்பாற்றிய கையாலேயே அவன் கழுத்தை அறுத்திருக்கிறான். அறுத்துவிட்டு இவன் தோளிலும் அதே கையைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறான்.

“மறந்துட்டேன் மச்சி,” என்றான் தினேஷ்குமார். “கதவத் தொறந்து தொறந்து எடுத்தா திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்குள்ள லைன் நின்னுடும், இவரு கத்துவாரு. நான் சொருகிட்டுத்தான் சிக்கல எடுப்பேன். எடுத்ததும் உருவிடுவேன். அன்னைக்கு உருவ மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். பட்டன அமுக்கினதும் நான்தான? அவனத் தூக்கிகினு ஓடினதும் நான்தான?”

“மறந்தத ஒத்துக்கினு இருந்தா நான் உன் பக்கம் நின்னிருப்பன்டா. அப்பறம் ஒக்காந்து யோசிச்சி, அவன் பேர சொன்ன பாரு. அது மறதியா?”

“அவனுக்குக் கை போயிடுச்சு மச்சி. இனிமே இந்த வேலைக்கு எப்பிடியும் வர மாட்டான். போறவன் மேல போட்டா கீறவன் பொயச்சுப்பான்னு...”

“அவன் ஆஸ்பத்திரில படுத்துகினு, ‘தினேசு அண்ணனக் கேளுங்க, அவரு சொல்லுவாரு’ன்னு சொல்லிகினு கீறான்டா.” டேனியல் கம்பியை உலுக்கினான். “என்னை எதுக்குடா உள்ள இட்டாந்த? மேனேஜர் மேல ஏவி வுடத்தான? எனக்கும் பொட்டு வச்சிட்டியாடா நீ?”

தினேஷ்குமார் கைப்பெட்டியை மாட்டிவிட்டு, ரோபோவின் காலடியிலேயே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ராஜாராம் கேடயம் வாங்கிய லைனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ கேப்பியா மாட்டியான்னுதான் பாத்துகினு இருந்தேன்,” என்றாள் ஆதிலட்சுமி மெதுவாக. டூல்பாக்ஸைக் கேட்டிலேயே பார்த்தவள் அவள். “இல்லன்னா நானே கேட்டிருப்பேன். உனக்கு அதவிட வலிச்சிருக்கும்.”

உள்ளேயிருந்து கையை நீட்டினான் தினேஷ்குமார். “மச்சி, உள்ள வாடா. ஒரு நிமிசம் எங்கிட்ட வாடா. மிஷின் நிக்குது, பயப்படாத.”

டேனியல் கதவு வரைக்கும் போனான். நேற்று வரை அந்தக் குரல் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பான்.

“நின்னுகினு கீதா? நிறுத்தி வச்சிகீறியா?”

தினேஷ்குமாரின் நீட்டிய கை தாழ்ந்தது.

டேனியல் சிவப்பு பட்டனைத் தானே அமுக்கினான். மெயின் சுவிட்சைத் தானே இறக்கினான். பெட்டியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து அதில் மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பொந்துக்குள் வேறு நாக்கு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இத்தனையையும் தினேஷ்குமார் கண்ணீரோடு பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் டேனியல் உள்ளே போனான்.

“எந்திரி,” என்று வலது கையை நீட்டினான். “கேட்டாண்ட சரசக்கா நிக்கிறாங்க. நாளைக்கு விசாரணையில சொல்றது அப்பறம். மொதல்ல அவங்ககிட்ட சொல்லு. உன் நாக்காலயே சொல்லு.”

தினேஷ்குமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். டேனியலின் இன்னொரு கை, சட்டைப் பையிலிருந்த சாவியைக் கேட் வரும்வரைக்கும் விடவே இல்லை.